கறுப்பு... மேக்கப்ல மட்டும்!

ஒரு நிமிஷம், நீங்க ஒரு சினிமா தயாரிப்பாளர்னு வெச்சுக்கோங்க. வருஷம் 1963. உங்க கையில ஒரு கதை இருக்கு. கதாநாயகி கறுப்பு. அவ கறுப்பா இருக்கிறதுதான் கதையே! கறுப்புங்கிறதால கல்யாணம் தள்ளிப்போகுது, கறுப்புங்கிறதால புகுந்த வீட்டுல மரியாதை இல்லை. அழறா, பொறுத்துக்கிறா, கடைசியில எல்லார் மனசையும் ஜெயிக்கிறா. தியேட்டர்ல கர்ச்சீஃப் நனையுறது கேரன்ட்டி.

இப்போ சொல்லுங்க... அந்த ரோலுக்கு யாரைப் போடுவீங்க?

'இதென்ன கேள்வி, தமிழ்நாட்டுல கறுப்பான பொண்ணுக்கா பஞ்சம்?'னு சிரிச்சீங்கன்னா நீங்க ரொம்ப நல்லவர். ஆனா, கோடம்பாக்கத்துக்கு லாயக்கில்லை பாஸ்!

அந்தக் கதை நிஜமாவே படமாச்சு. 'நானும் ஒரு பெண்'. ஏவி.எம். தயாரிப்பு, ஏ.சி.திருலோகசந்தர் இயக்கம். எஸ்.எஸ்.ராஜேந்திரன் ஹீரோ, எஸ்.வி.ரங்காராவ் மாமனார், எம்.ஆர்.ராதா வழக்கம்போல வில்லங்கம். கறுப்பான கதாநாயகி கல்யாணியா நடிச்சவர் விஜயகுமாரி. நல்ல சிவப்பு நிறம். அவருக்குக் கறுப்பு மேக்கப் போட்டு நடிக்க வெச்சாங்க!

படம் ஹிட். அந்த வருஷத்தோட சிறந்த தமிழ்ப் படம்னு தேசிய விருதும் வாங்குச்சு. உடனே இந்திக்குப் போச்சு, 1964-ல 'மைன் பி லட்கி ஹூன்'. கறுப்பு நாயகி யார்? மீனா குமாரி. அடுத்து 1965-ல தெலுங்கு, 'நாதி ஆட ஜன்மே'. அங்கே சாவித்திரி. மூணு மொழி, மூணு பெரிய நடிகைகள், மூணு தடவையும் மேக்கப் டப்பாவுல இருந்துதான் கறுப்பு வந்துச்சு. 'கறுப்பா இருந்தா என்ன தப்பு?'னு கேட்கிற ஒரு படத்துக்கு, மூணு மொழியிலயும் ஒரு கறுப்பான ஹீரோயின் கிடைக்கலைன்னா... யோசிங்க.

படத்தை நான் கிண்டல் பண்ணலை. பாருங்க, நல்ல படம். கண்ணனும் கறுப்புதானேன்னு அவன்கிட்டயே நியாயம் கேட்டு பி.சுசீலா பாடுற இடத்துல, ஹெட்போன் மாட்டிக்கிட்டு பஸ்ல போற எனக்கே தொண்டை அடைச்சுச்சு. நம்ம வீடுகள்ல யாரும் வாய் திறந்து பேசாத ஒரு விஷயத்தை 1963-லயே பேசின படம் அது. பேசினவங்க முகம்தான் வேற.

ஹாலிவுட்லயும் இதே கதைதான்!

'நம்ம ஆளுங்கதான் இப்படி, வெள்ளைக்காரன் எல்லாம் கரெக்ட்டா இருப்பான்'னு நினைக்கிறீங்களா? இந்த வித்தையில அவங்கதான் நமக்கு சீனியர்.

1930-கள்ல இருந்து 50-கள் வரைக்கும் ஹாலிவுட்ல காதல் மெலோட்ராமாக்களுக்குப் பொற்காலம். மழை, ரயில்வே ஸ்டேஷன், கண்ணீர், பிரிவு... நம்ம 'கல்யாண பரிசு' வகையறாவுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு சொல்லலாம். அந்த ஸ்டூடியோக்கள் எல்லாம் சேர்ந்து 'ஹேஸ் கோட்'னு ஒரு விதிப் புத்தகம் வெச்சிருந்தாங்க. 1934-ல இருந்து அதைக் கறாரா அமல்படுத்தினாங்க. அதுல ஒரு விதி, வெள்ளை இனத்துக்கும் கறுப்பு இனத்துக்கும் நடுவுல காதல் காட்டக் கூடாது! 1956 வரைக்கும் இந்தத் தடை அப்படியே இருந்துச்சு.

'தி குட் எர்த்'னு 1937-ல ஒரு படம். சீன விவசாயக் குடும்பத்தோட கதை. அமெரிக்காவுலயே பிறந்த சீன வம்சாவளி நடிகை அன்னா மே வோங் அப்பவே ஸ்டார். ஆனா, ஹீரோ வேஷத்துக்கு பால் முனிங்கிற வெள்ளைக்காரரைப் போட்டுட்டாங்க. அவருக்கு மனைவியா ஒரு நிஜ சீனப் பெண்ணை நிறுத்தினா விதி இடிக்குமே? அதனால லூயிஸ் ரெய்னர்ங்கிற ஐரோப்பிய நடிகையை சீனப் பெண்ணா மாத்தினாங்க. அவருக்கு ஆஸ்கரும் கிடைச்சுது. அன்னா மே வோங்குக்குக் கொடுக்க முன்வந்தது, ஹீரோவோட வாழ்க்கையைக் கெடுக்கிற இன்னொருத்தி ரோல். வேண்டாம்னு போயிட்டாங்க. சபாஷ்!

லீனா ஹார்ன் கதை இன்னும் மோசம். அழகும் குரலும் சேர்ந்த கறுப்பினப் பாடகி. அவங்க நிறத்துக்குன்னு 'லைட் ஈஜிப்ஷியன்'னு ஸ்பெஷலா ஒரு மேக்கப் ஷேடு தயாரிச்சாங்களாம். அதே ஷேடை வெள்ளை நடிகைகளுக்குப் பூசி, கலப்பின ரோல்களை அவங்களுக்கே கொடுத்துட்டாங்கன்னு லீனாவே பின்னாடி சொல்லியிருக்காங்க. 1951-ல வந்த 'ஷோ போட்'ல லீனா ஆசைப்பட்ட ரோல் ஏவா கார்ட்னருக்குப் போச்சு. அதே ஏவா கார்ட்னர்தான் 1956-ல 'போவானி ஜங்ஷன்'ல ஆங்கிலோ இந்தியப் பெண். நிறம் வேணும், ஆள் வேண்டாம்!

சேலம் வரைக்கும் வந்த வெள்ளை இளவரசி

இதெல்லாம் எங்கேயோ கடல் தாண்டி நடந்ததுன்னு விட்டுடாதீங்க. சேலத்துல நம்ம டி.ஆர்.சுந்தரத்தோட மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக்காரங்களோட கைகோத்து 1952-ல 'தி ஜங்கிள்'னு ஒரு இங்கிலீஷ் படம் எடுத்தாங்க. தமிழ்ல 'காடு'. நம்ம காடு, நம்ம யானை. ஆனா, இந்திய இளவரசி மட்டும் மேரி வின்ட்சர்ங்கிற அமெரிக்க நடிகை! நம்ம எம்.என்.நம்பியாருக்கும் ஒரு ரோல் கிடைச்சுது. யானைப்பாகன். இளவரசி பக்கத்துல நிக்கிற வேலை எல்லாம் நமக்குக் கிடையாது.

இப்போ நான் சொல்லப்போற ஆளைக் கேட்டா நீங்களே சீட் நுனிக்கு வந்துடுவீங்க.

பேரு மெர்ல் ஓபரான். 1911-ல பம்பாய்ல பிறந்த ஆங்கிலோ இந்தியப் பெண். வளர்த்த அம்மா ஷார்லட், இலங்கையில வேர் உள்ளவர். நிறம் கறுப்பு. மெர்லுக்கு சினிமா ஆசை. லண்டன் போனாங்க, அங்கேர்ந்து ஹாலிவுட். 'நான் ஆஸ்திரேலியாவுல இருக்கிற டாஸ்மேனியாவுல பிறந்த வெள்ளைக்காரி'ன்னு ஒரு கதையைக் கட்டினாங்க. ஊரே நம்புச்சு. 1935-ல 'தி டார்க் ஏஞ்சல்' படத்துக்காக சிறந்த நடிகை ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போயிட்டாங்க. ஆசிய ரத்தம் உள்ள ஒரு பெண் அந்தப் பட்டியலுக்குப் போனது அதுதான் முதல் தடவை. ஆனா அன்னிக்கு அது யாருக்குமே தெரியாது!

அம்மாவை என்ன பண்ணாங்க? விருந்தாளிகள் வந்தா, வீட்டு வேலைக்காரின்னு சொல்லிக்குவாங்கன்னு ஒரு கதை பரவலா உண்டு. அம்மா இறந்ததுக்கு அப்புறம் ஓவியரைக் கூப்பிட்டு அம்மாவோட படம் வரையச் சொன்னாங்க. அதுல அம்மாவுக்கு வெளுத்த நிறம். அந்தப் படத்தைத்தான் வீட்டுல மாட்டி வெச்சிருந்தாங்க.

மெர்ல் நடிச்சதுலயே பெரிய காதல் படம், 1939-ல வந்த 'வுதரிங் ஹைட்ஸ்'. எமிலி பிரான்ட்டியோட நாவல். அதுல ஹீரோ ஹீத்க்ளிஃப், தெருவுல கண்டெடுத்த அநாதைப் பையன். கறுப்பா இருப்பான்னு நாவல் திரும்பத் திரும்பச் சொல்லுது. கப்பல்ல வேலை பார்த்த இந்திய மாலுமியோட பிள்ளையா இருக்குமோன்னு ஒரு கேரக்டர் சந்தேகப்படக்கூட செய்யும்! படத்துல அந்த ஹீத்க்ளிஃபா நடிச்சது லாரன்ஸ் ஒலிவியே, அக்மார்க் வெள்ளைக்காரர். வெள்ளைக்காரக் காதலி கேத்தியா நடிச்சது நம்ம பம்பாய்ப் பொண்ணு மெர்ல். இந்தியனா இருக்கலாம்ங்கிற ரோல்ல இங்கிலீஷ்காரர், இங்கிலீஷ்காரி ரோல்ல இந்தியப் பொண்ணு. படம் பார்த்து அழுத கோடிப் பேர்ல ஒருத்தருக்கும் இந்தத் தமாஷ் புரிஞ்சிருக்க வாய்ப்பில்லை. 1979-ல மெர்ல் இறந்ததுக்கு அப்புறம்தான் உண்மை வெளிய வந்துச்சு.

ஹீத்க்ளிஃபுக்கு ஒரு கறுப்பின நடிகர் கிடைக்க 2011 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. ஆண்ட்ரியா அர்னால்ட்னு ஒரு பெண் இயக்குநர் அதைப் பண்ணாங்க. 2024-ல இன்னொரு 'வுதரிங் ஹைட்ஸ்' அறிவிப்பு வந்தப்போ ஹீத்க்ளிஃப் யாருன்னு பார்த்தா ஜேக்கப் எலார்டி. திரும்பவும் வெள்ளை. முதல்ல இருந்து சண்டை!

ஆயாவோட கல்யாண போட்டோ

இதை எல்லாம் எங்க ஆயாகிட்ட கதையா சொன்னேன். கீழ்பென்னாத்தூர்ல மல்லாட்டை உரிச்சுக்கிட்டே கேட்டாங்க. 'நானும் ஒரு பெண்' படத்தை டூரிங் டாக்கீஸ் கொட்டாயில மண்ணைக் குவிச்சு உட்கார்ந்து பார்த்தவங்க அவங்க. பட்டணத்துல ஓடி முடிச்ச பெட்டி எங்க ஊர்ப் பக்கம் வர ஒரு வருஷம் ஆகுமாம்.

"அந்தப் பொண்ணு கறுப்பே இல்லை, மேக்கப்புன்னு அப்பவே தெரியுமா ஆயா?"

"தெரியாம என்ன பாப்பா... அதுக்கு முன்னாடி வந்த படத்துல எல்லாம் செவசெவன்னு வந்துச்சே அது."

"கோவம் வரலையா?"

"கோவம் எதுக்கு? நெசமாவே என்னாட்டம் ஒருத்தியப் போட்டிருந்தா யாரு பாத்திருப்பா? நானே பாத்திருக்க மாட்டேன்."

சொல்லிட்டு மல்லாட்டையை முறத்துல தட்டினாங்க. எனக்குத்தான் அடுத்த கேள்வி வரலை.

ஆயா வீட்டுக் கூடத்துல அவங்க கல்யாண போட்டோ மாட்டியிருக்கு. திருவண்ணாமலை ஸ்டூடியோவுல எடுத்தது. அதுல ஆயா, ஆயா மாதிரியே இருக்க மாட்டாங்க. முகம் பளிச்னு வெள்ளையா, கை மட்டும் அவங்க கையா இருக்கும். அந்தக் காலத்து போட்டோகிராபருங்க 'டச்சிங்'னு ஒரு வேலை பண்ணுவாங்க. நெகட்டிவ்ல முகம் இருக்கிற இடத்துல பென்சிலால மெல்லத் தீட்டினா, பிரின்ட்ல அந்த இடம் வெளுத்துடும். கவனிங்க, நெகட்டிவ்ல கறுப்பைப் பூசினாத்தான் போட்டோவுல வெள்ளை வரும்! மெர்ல் ஓபரான் அம்மாவோட ஓவியத்தைப் பத்திப் படிச்சப்போ எனக்கு இந்த போட்டோதான் ஞாபகம் வந்துச்சு. கீழ்பென்னாத்தூருக்கும் ஹாலிவுட்டுக்கும் நடுவுல ஒரு பென்சில் தூரம்தான்.

நல்லவளா இரு... டபுள் நல்லவளா இரு!

இந்தப் படங்கள்ல என்னை உறுத்துற இன்னொரு விஷயம் இருக்கு. கறுப்பா இருக்கிற கேரக்டர் சும்மா சாதாரண ஆளா இருக்க முடியாது. கல்யாணி எவ்வளவு பொறுமை, எவ்வளவு சேவை! சிவப்பா பிறந்திருந்தா அதுல கால்வாசி போதும். நிறத்துக்கு அபராதம் கட்டுற மாதிரி நல்ல குணம் கட்டணும்.

அமெரிக்காவுல 1967-ல 'கெஸ் ஹூ இஸ் கமிங் டு டின்னர்' வந்துச்சு. வெள்ளைக்காரப் பொண்ணை சிட்னி பாய்ட்டியர் கல்யாணம் பண்ண ஆசைப்படுவார். அந்த வருஷம் ஜூன் மாசம்தான் கலப்பினக் கல்யாணத்தைத் தடுக்கிற மாநிலச் சட்டங்கள் செல்லாதுன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்துச்சு. சரி, படத்துல பாய்ட்டியர் யாரு? உலகப் புகழ் டாக்டர், பெரிய அறிவாளி, பரம ஒழுக்கம். அரியர் வெச்ச ஒரு கறுப்பினப் பையன் லவ் பண்ணியிருந்தா மாமனார் வீட்டுல டின்னர் கிடைச்சிருக்குமா?

நம்ம ஊர்ல இந்த அபராதத்துக்கு சாதின்னு இன்னொரு பேரும் உண்டு. 1956-ல எம்.ஜி.ஆர். நடிச்ச 'மதுரை வீரன்' ஞாபகம் இருக்கா? அருந்ததியர் மக்கள் குலசாமியா கும்பிடுற வீரன். ராஜா வீட்டுப் பெண் பொம்மியைக் காதலிச்சவன். ஆனா, படத்துல அவன் பிறப்பால காசி ராஜாவோட பிள்ளை! காட்டுல விட்ட குழந்தையை செருப்பு தைக்கிற தம்பதி எடுத்து வளர்ப்பாங்க. என்.எஸ்.கிருஷ்ணன், டி.ஏ.மதுரம். காசி ராஜா சமாசாரம் கதைப்பாடல்லயே இருக்குங்கிறது உண்மை. அது பிற்பாடு ஒட்டினதுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. எது எப்படியோ, ராஜா பொண்ணைக் காதலிக்க அவனுக்கு ஒரு ராஜா அப்பா தேவைப்பட்டுச்சு.

இதுக்குத் தலைகீழா ஒருத்தி நடிச்சப்போ என்ன ஆச்சு தெரியுமா? மலையாளத்தோட முதல் படம் 'விகதகுமாரன்'. பேசாத படம். அதுல நாயர் வீட்டுப் பெண்ணா நடிச்சவர் பி.கே.ரோஸி, தலித் பெண். 'இவ எங்க சாதிப் பெண்ணா நடிக்கிறதா?'ன்னு கலாட்டா. கல்லெறிஞ்சாங்க. ஊரை விட்டே துரத்தினாங்க. ரோஸி தப்பிச்சு வந்தது நம்ம நாகர்கோவில் பக்கம். ராஜம்மாள்ங்கிற பேர்ல, சினிமா பக்கமே திரும்பாம வாழ்ந்து முடிச்சாங்க. நடிச்ச ஒரே படத்தோட பிரதியும் இன்னிக்கு இல்லை. 2023 பிப்ரவரி 10-ம் தேதி கூகுள் அவங்களுக்கு டூடுல் போட்டுச்சு. பா.இரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையம் அவங்க பேர்ல திரைப்பட விழா நடத்தியிருக்கு.

மேல இருக்கிறவங்க கீழ இறங்கி நடிச்சா விருது. கீழ இருக்கிறவங்க மேல ஏறி நடிச்சா கல்லு!

குரல் மட்டும் போதுமாம்

அப்புறம் நிலைமை மாறலையான்னு கேட்டா, மாறுச்சு. ஹீரோக்களுக்கு! 1970-கள்ல ரஜினி வந்தார், பிறகு விஜயகாந்த். கறுப்பு ஒரு ஸ்டைல் ஆச்சு. ஹீரோயினுக்கு அந்த சலுகை கிடையாது.

ஒரு விதிவிலக்கு, சரிதா. 1978-ல கே.பாலசந்தர் 'மரோ சரித்ரா'ங்கிற தெலுங்குப் படத்துக்குக் கறுப்பான ஒரு புதுப் பொண்ணைக் கொண்டுவந்து கமலுக்கு ஜோடியா நிறுத்தினார். மேக்கப் பூசின கறுப்பு இல்லை, ஒரிஜினல்! அந்தக் கண்ணும் முகமும் கறுப்பு-வெள்ளை ஃபிலிம்ல எப்படி மின்னுச்சுன்னு நீங்களே பாருங்க. சென்னையில டப்பிங்கூட பண்ணாம தெலுங்காவே நாள் கணக்கில்லாம ஓடுச்சு. 1981-ல அதே பாலசந்தர் அதை இந்தியில 'ஏக் துஜே கே லியே'ன்னு எடுத்தார். கமல் அப்படியே இருந்தார். சரிதா இடத்துல ரதி அக்னிஹோத்ரி. காரணத்தை நீங்களே ஊகிச்சுக்கோங்க.

சரிதா பின்னாடி டப்பிங்லயும் கலக்கினாங்க. விஜயசாந்தி, நக்மான்னு எத்தனையோ சிவப்பு ஹீரோயின்களுக்குக் குரல் கொடுத்தாங்க. அதாவது திரையில தெரியுற முகம் ஒருத்தரோடது, தமிழ் பேசுற குரல் கறுப்பான சரிதாவோடது.

இப்போ ஐஸ்வர்யா ராஜேஷ் இருக்காங்க. நிறத்தைச் சொல்லித் தன்னை ஒதுக்கின கதையை மேடையேறியே பேசியிருக்காங்க. ஆனா, 2019-ல இந்தியில 'பாலா'ன்னு ஒரு படம். கறுப்பா இருக்கிறதால அவமானப்படுற பெண் கேரக்டர். நடிச்சவர் பூமி பெட்நேகர். முகத்துல கறுப்பு மேக்கப். 1963-க்கும் 2019-க்கும் நடுவுல 56 வருஷம். 2020-ல ஒரு பிரபல சிவப்பழகு க்ரீம்கூட தன் பேர்ல இருந்து 'ஃபேர்'ங்கிற வார்த்தையை எடுத்துட்டு 'க்ளோ'ன்னு மாத்திக்கிச்சு. சினிமா இன்னும் மாத்தலை.

'கேமராவுல டல்லா தெரியும்!'

எங்க காலேஜ்லயும் இதே கூத்து நடந்துச்சு. போன செமஸ்டர்ல ஒரு குறும்படம். சீனியர் ஒருத்தர் டைரக்டர். வயல்ல வேலை செய்யுற கிராமத்துப் பொண்ணு கேரக்டருக்கு, டிபார்ட்மென்ட்லயே நல்ல கலரா இருக்கிற பொண்ணைப் பிடிச்சு, கழுத்து வரைக்கும் டல் ஃபவுண்டேஷன் பூசினாங்க. ஷூட்டிங் எங்க ஊர் செஞ்சி ரோட்டுப் பக்கம். சுத்தி நின்னு வேடிக்கை பார்த்தவங்கள்ல பாதிப் பேர், மேக்கப் இல்லாமலே அந்த ரோலுக்கு ரெடியா இருந்தோம்!

'ஏன் சீனியர்?'னு கேட்டேன். "நிஜமாவே கறுப்பா இருந்தா கேமராவுல டல்லா தெரியும்மா. டெக்னிக்கல் ப்ராப்ளம்."

டெக்னிக்கல்னு சொன்னா இன்ஜினீயரிங் பொண்ணு சும்மா இருப்பேனா? தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதுல அரை உண்மை இருக்கு. கோடாக் கம்பெனி கலர் சரியா வருதான்னு பார்க்க லேப்களுக்கு ஒரு மாடல் படம் அனுப்பும். 'ஷெர்லி கார்டு'ன்னு பேரு. அதுல இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு. அவ முகம் சரியா வந்தா கலர் சரின்னு அர்த்தம்! கறுப்பு முகங்கள் இருட்டா விழுந்தப்போ யாரும் கவலைப்படலை. ஃபிலிமை சரிபண்ணச் சொல்லி அழுத்தம் கொடுத்தது யாருங்கிறீங்க... சாக்லேட் கம்பெனியும் மர ஃபர்னிச்சர் கம்பெனியும்! அவங்க சரக்கோட பிரவுன் ஷேடெல்லாம் ஒரே மாதிரி விழுதாம். மனுஷங்க சொன்னப்போ கேட்காத காது, சாக்லேட் சொன்னதும் கேட்டுச்சு.

மீதி அரை, சோம்பேறித்தனம். கேமராவுல இருக்கிற லைட் மீட்டர், எதைக் காட்டினாலும் அது நடுத்தரமான சாம்பல்னு நினைச்சுக்கும். கணக்குப்படி 18 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற சாம்பல். பின்னாடி வெள்ளைச் சுவர், முன்னாடி கறுப்பு முகம்னா, சுவரைப் பார்த்து ஏமாந்து லென்ஸைச் சுருக்கிடும். முகம் கரியாயிடும். தப்பு முகத்துல இல்லை, சுவர்ல! பின்னணியை மாத்துங்க, எக்ஸ்போஷரை முகத்துக்கு வைங்க, பக்கவாட்டுல இருந்து பெருசா, மெதுவா வெளிச்சம் கொடுங்க. கறுப்புத் தோல் வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரி வாங்கித் தரும்.

சொன்னா நம்ப மாட்டாங்களேன்னு ஒரு சாயங்காலம் ஹாஸ்டல் பின்னாடி டெஸ்ட் பண்ணோம். கடன் வாங்கின கேமரா, ரெண்டு தெர்மாகோல் ஷீட், என் ஃப்ரெண்ட். மூணாவது வருஷம், சிவில். எங்க செட்லயே கறுப்பு அவதான், எங்க செட்லயே வாயாடியும் அவதான். முதல் ஷாட் சுவர் முன்னாடி, ஆட்டோ மோடு. படு மோசம். அடுத்தது வேப்பமரத்தைப் பின்னணியா வெச்சு, முகத்துக்கு மீட்டர் பண்ணி, தெர்மாகோலைப் பக்கத்துல சாய்ச்சுப் பிடிச்சோம். கேமரா ஸ்கிரீனை எட்டிப் பார்த்தவ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவ பேசாம இருந்து நாங்க பார்த்ததே இல்லை. அப்புறம், "ஏய், இதுல ஃபில்டர் போட்டிருக்கியாடி?"ன்னு கேட்டா.

சீனியர்கிட்ட அந்த போட்டோவைக் காட்டினேன். ஜூம் பண்ணிப் பார்த்துட்டு, "லைட்டிங் யாரு?"ன்னு கேட்டார். பொண்ணு யாருன்னு கேட்கலை.

இந்த செமஸ்டர் குறும்படத்துக்கு நோட்டீஸ் போட்டிருக்காங்க. ஐ.டி. கம்பெனியில நடக்கிற லவ் ஸ்டோரி, ஹீரோயின் டீம் லீடர். ஆடிஷன் அடுத்த புதன். என் ஃப்ரெண்ட் பேர் கொடுத்திருக்கா. தெர்மாகோல் நான் எடுத்துட்டுப் போறேன்.